காதில் வில்லை இருந்தால் மான் நம்முடையதா?

கேள்வி: டாக்டர் ஐயா, வணக்கம். முப்பது வருஷமாக டெல்லி ஆர்.கே.புரத்தில் இருக்கிறோம். மலை மந்திரில் முருகனைக் கும்பிட்டுவிட்டு அப்படியே ஹவுஸ் காஸ் மான் பூங்காவில் ஒரு நடை நடந்து வருவது எங்கள் வழக்கம். என் மகன் நியூசிலாந்தில் ஒரு மான் பண்ணையில் வேலை செய்கிறான். போன மாதம் வந்தவன் வேலி ஓரம் நின்று பார்த்துவிட்டு, "என்னம்மா, ஒன்றுக்குக்கூடக் காதில் நம்பர் இல்லையே, எப்படிக் கணக்கு வைக்கிறார்கள்?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. இன்னொரு விஷயம். என் மாப்பிள்ளையின் நண்பருக்குச் சத்தர்பூர் பக்கம் பண்ணை வீடு இருக்கிறது. அவருக்கு ஒரு ஜோடி புள்ளிமான் குட்டி தருவதாக ஒருவர் சொல்கிறாராம். காட்டில் பிடித்தவை இல்லை, அடைப்பில் பிறந்தவை, காதில் எண் பொறித்த வில்லை இருக்கிறது, உடம்பில் சிப் இருக்கிறது, பேப்பரும் தருகிறேன், சட்டச் சிக்கலே வராது என்கிறாராம். எங்கள் பேரப்பிள்ளைகள் இப்போதே பெயர் வைத்துவிட்டார்கள். நண்பர் வாங்கலாமா? அப்புறம், அவ்வளவு சின்னக் காதில் துளை போட்டால் வலிக்காதா?
(ஆர்.கே.புரம் வாசகி)

பதில்: அம்மா, மாப்பிள்ளைக்கு இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். நண்பர் அந்தக் குட்டிகளை வாங்கக் கூடாது. விலை என்ன, பேப்பரில் என்ன இருக்கிறது என்று பார்த்து வரக்கூடப் போக வேண்டாம். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

விற்க வந்த ஆள் கெட்டிக்காரர். நாய்க்குட்டி, லவ் பேர்ட்ஸ் வாங்கிப் பழகிய நமக்கு, வீட்டில் பிறந்தது என்றாலே தப்பில்லை என்று தோன்றும். அந்தப் பழக்கத்தைத்தான் அவர் பிடித்துக்கொண்டிருக்கிறார். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் இந்த நியாயம் எடுபடாது. பிடித்து வந்த விலங்கு, அடைத்து வளர்க்கும் விலங்கு, அடைப்பிலேயே பிறந்த விலங்கு என்று மூன்றையும் அந்தச் சட்டம் ஒரே விளக்கத்துக்குள் கொண்டுவந்துவிடுகிறது. புள்ளிமான் சட்டத்தின் அட்டவணையில் உள்ள விலங்கு. அதன் தாயும் பாட்டியும் கம்பி வேலிக்குள்ளேயே பிறந்து அங்கேயே செத்திருந்தாலும் குட்டிக்கு அந்தப் பாதுகாப்பு அப்படியே வந்து சேரும். 39-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. சட்டத்தை மீறி அடைத்து வைத்த, அடைப்பில் குட்டி போட வைத்த வனவிலங்கு மாநில அரசின் சொத்து. அவர் விலை பேசுகிற குட்டி அவருடையதே இல்லை.

"பூங்காவில் மிஞ்சியது, அதனால் கொடுத்துவிட்டார்கள்" என்று ஒரு கதை வரும். என்னிடமே பலர் சொல்லியிருக்கிறார்கள். அங்கீகாரம் பெற்ற உயிரியல் பூங்கா தன் விலங்கை இன்னொரு அங்கீகாரம் பெற்ற பூங்காவுக்குத்தான் கொடுக்க முடியும். அதற்கும் மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். பண்ணை வீடு எந்தக் கணக்கிலும் சேராது. அடுத்தது, "பரிவேஷ் போர்ட்டலில் (மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் இணையதளம்) பதிந்திருக்கிறோம்" என்று ஒரு பிரிண்ட் அவுட். 2024-இல் வந்த விதிப்படி அந்தப் பதிவு, சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வரும் மக்காவ் கிளி, இகுவானா போன்ற வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்களுக்கானது. நம் காட்டு மானை அதில் பதிந்து வீட்டுக்குக் கொண்டுபோக வழி கிடையாது. வண்டியில் ஏற்றிச் செல்வதற்கே தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். மாட்டினால் மூன்று ஆண்டு வரை சிறை, 2022 திருத்தத்துக்குப் பிறகு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். விற்றவர் போனை அணைத்துவிட்டுப் போய்விடுவார். மான் இருக்கிற வீட்டுக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும்.

சட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டு, கால்நடை மருத்துவனாக ஒன்று சொல்கிறேன். பாட்டில் பால் கொடுத்து வளர்த்த ஆண் மான்குட்டி முதல் வருஷம் பூனைக்குட்டி மாதிரி பின்னாலேயே வரும். மனிதனைக் கண்டு ஒதுங்க வேண்டும் என்ற பயம் அதற்குப் போய்விடுகிறது. கொம்பு முற்றி இணைசேரும் பருவம் வந்ததும், எதிரே நிற்கிற மனிதனைத் தனக்குப் போட்டியான இன்னொரு ஆண்மான் என்றே நினைக்கிறது. தொடையில் கொம்பு ஏறி வந்தவரை நான் பார்த்திருக்கிறேன். குத்தியது அவரே பால் கொடுத்து வளர்த்த மான். பேரப்பிள்ளைகளின் உயரத்துக்கு அந்தக் கொம்பு எங்கே படும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

சரி, வில்லைக்கு வருவோம். நம் ஊரில் பசுமாட்டுக் காதில் மஞ்சள் வில்லை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கிராமத்தில் கம்மல் என்பார்கள், சிலர் மாட்டு ஆதார் என்று கிண்டல் செய்வார்கள். அதில் இருப்பது 12 இலக்க எண். கால்நடை மருத்துவர் அந்த எண்ணைத் தட்டினால் மாடு யாருடையது, எப்போது தடுப்பூசி போட்டது, எப்போது சினை ஊசி போட்டது என்று வரும். வந்தால்தான் அது வில்லை. வராவிட்டால் காதில் குத்திய பிளாஸ்டிக். வில்லையும் அதைக் குத்தும் இடுக்கியும் ஆன்லைனில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். சிப்பும் அப்படித்தான், ஊசியோடு சேர்த்தே விற்கிறார்கள். ஒரு சோதனையின்போது நான் கையில் எடுத்துப் பார்த்த மான்குட்டியின் காதில் இருந்தது ஆட்டுக்குப் போடுகிற வில்லை. எண் பளிச்சென்று இருந்தது. எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை. வைத்திருந்தவர் கடைசி வரை அந்த எண்ணையே காட்டிக்கொண்டு நின்றார்.

மைக்ரோசிப் பற்றியும் ஊரில் ஒரு தப்பான எண்ணம் உண்டு. செல்போன் மாதிரி எங்கே இருக்கிறது என்று காட்டும் என்று நினைக்கிறார்கள். காட்டாது. அரிசி மணி அளவுள்ள கண்ணாடிக் குப்பிக்குள் ஒரு சுருள் கம்பி, அவ்வளவுதான். பேட்டரி கிடையாது. ரீடரை ஒரு சாண் தூரத்துக்குள் கொண்டுபோனால் விழித்துக்கொண்டு 15 இலக்க எண்ணைச் சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிடும். மான் மாதிரி விலங்குகளுக்கு இடது காதின் அடியில், தோலுக்குக் கீழே வைப்பது வழக்கம். எல்லாரும் ஒரே இடத்தில் வைத்தால்தான் நாளைக்கு வேறு ஊரில் வேறு டாக்டர் ரீடரை எங்கே காட்டுவது என்று தெரியும்.

இனி உங்கள் மகன் கேட்டதற்கு. அவர் வேலை பார்க்கும் நாட்டில் மான் ஒரு கால்நடை. பிரிட்டனிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் வேட்டைக்காகக் கொண்டுபோய் விட்ட செம்மான், பெருகிப் பெருகித் தொல்லையாகி, 1970-களில் பண்ணைக்குள் வந்தது. இறைச்சிக்கும் வெல்வெட் கொம்புக்கும் (மென்மயிர்த் தோல் போர்த்த, இன்னும் வளர்கிற இளங்கொம்பு) வளர்க்கிறார்கள். அங்கே மாடும் மானும் ஒரே தேசியப் பதிவில் வருகின்றன. மானுக்கு அது 2013 மார்ச் 1 முதல் கட்டாயம். பிறந்து 180 நாளுக்குள், அல்லது பண்ணையை விட்டு வெளியே போகுமுன், இதில் எது முந்துகிறதோ அதற்குள் மின்னணு வில்லை போட வேண்டும். போட்ட ஏழு நாளுக்குள் பதிய வேண்டும். ஒரு பண்ணையிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் 48 மணி நேரத்துக்குள் அனுப்பியவரும் வாங்கியவரும் தனித்தனியே பதிய வேண்டும். இவ்வளவு கெடுபிடிக்கு முக்கியக் காரணம் காசநோய். நோயுள்ள ஒரு மான் எந்தெந்தப் பண்ணையில் எந்தெந்த மந்தையோடு மேய்ந்தது என்று பின்னோக்கிப் போக வழி வேண்டும்.

அமெரிக்காவில் பயம் வேறு. 1967-இல் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்ட, மானை எலும்பும் தோலுமாக்கிக் கொல்லும் ஒரு மூளைநோய். கிருமி என்று சொல்லவும் முடியாத, உருக்கோணிய ஒரு புரதம் அதற்குக் காரணம். மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும். அதனால் அங்கே தேசியச் சான்றுத் திட்டத்தில் சேர்ந்த பண்ணைகளில் ஒவ்வொரு மானுக்கும் இரண்டு அடையாளம் வேண்டும், அதில் ஒன்று அரசு ஏற்ற எண்ணாக இருக்க வேண்டும். ஒரு வயது தாண்டிய மான் எப்படிச் செத்தாலும் மூளைத்திசு பரிசோதனைக்குப் போக வேண்டும். இதில் ஒரு வேடிக்கை. நம் புள்ளிமான் 1932-லேயே டெக்சாஸுக்குப் போய்விட்டது. அந்த மாநிலத்தின் மான் வளர்ப்பு உரிமமெல்லாம் அந்த மண்ணின் மான்களுக்குத்தான். நம்முடையது அங்கே அயல்நாட்டு விலங்கு, நிலத்துக்காரர் விருப்பம். இங்கே ஒன்றைத் தொட்டால் சிறை, அங்கே அதற்கு வேட்டைக்கு மூடுகாலம்கூட இல்லை.

நம் ஊரில் மானுக்குப் போடும் காதுவில்லை, மாட்டு வில்லை மாதிரி சொந்தக்காரர் யார் என்று சொல்ல வந்ததில்லை. அரசும் அங்கீகாரம் பெற்ற பூங்காவும் தவிர மானுக்குச் சொந்தக்காரரே கிடையாது. எந்த விலங்கு, எந்தத் தாய்க்குப் பிறந்தது, எந்தப் பரிசோதனையில் என்ன வந்தது என்று பூங்கா தனக்குத்தானே சொல்லிக்கொள்வதற்காகப் போடுவது. புலிக்கும் சிங்கவால் குரங்குக்கும் அப்படித் தனிப்பதிவு, குடிவழிப் பதிவு எல்லாம் ஒழுங்காக இருக்கும். புள்ளிமான் என்று வந்தால் கை தளர்ந்துவிடும். ஆண்டுதோறும் மார்ச் 31 நிலவரப்படி கணக்குக் கொடுப்பார்கள். அதில் மானுக்கு நேராக மூன்று எண்கள் இருக்கும்: ஆண், பெண், ஆணா பெண்ணா என்று தெரியாத குட்டி. பதினொன்று, பத்தொன்பது, நான்கு என்று ஒரு வரி. அந்தப் பத்தொன்பது பெண்மானில் எது எது என்று கேட்டால் பதில் வராது. மந்தையாகத்தான் எண்ணுகிறார்கள்.

உங்கள் ஹவுஸ் காஸ் மந்தை இப்படித்தான் வளர்ந்தது. 1960-களில் ஆறு மானோடு தொடங்கியது அறுநூறு வரை வந்தது. ஆண், பெண் பிரித்து வைக்காமல், எது எதன் குட்டி என்று தெரியாமல் விட்டால், அண்ணன் தங்கை, தகப்பன் மகள் என்று உள்ளுக்குள்ளேயே கலப்பு நடக்கும். 2023 ஜூனில் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அந்தப் பூங்காவின் அங்கீகாரத்தை ரத்து செய்தபோது சொன்ன காரணங்களில் பெருக்கமும் உட்கலப்பும் நோய் அபாயமும் இருந்தன. அப்புறம் ராஜஸ்தான் காடுகளுக்குக் கொண்டுபோனார்கள், வழக்கு வந்தது, அடையாளமே இடாமல் ஏற்றினார்கள் என்ற புகாரும் அதில் சேர்ந்தது. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மேற்கொண்டு மாற்றுவதை நிறுத்திவிட்டு, வன வழக்குகளில் தனக்கு உதவும் மத்திய அதிகாரமளிக்கப்பட்ட குழுவை நேரில் ஆய்வு செய்யச் சொன்னது. என் கருத்தைக் கேட்டால், மந்தை அறுபதாக இருந்தபோது போட்டிருக்க வேண்டிய வில்லை. அறுநூறுக்கு ஒரே மாதத்தில் போடுகிறேன் என்று யாராவது கிளம்பினால் நானே தடுப்பேன்.

ஏன் என்று சொல்கிறேன். புள்ளிமானைத் துரத்திப் பிடித்தால் அதன் தசையே அதைக் கொன்றுவிடும். ஓடிய ஓட்டத்திலும் பயத்திலும் தசைநார் சிதைந்து ரத்தத்தில் கலக்கிறது, சிறுநீர் காப்பி நிறத்தில் போகிறது, சிறுநீரகம் நின்றுவிடுகிறது. பிடித்த நேரத்தில் நன்றாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று நாள் கழித்துக் கழுத்தை முறுக்கிக்கொண்டு கிடக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) பதினான்கு மானுக்குக் காசநோய்ப் பரிசோதனை செய்தோம். கழுத்தில் ஒரு சதுரம் மயிர் மழித்து, தோலை மடித்து அளவுகருவியால் தடிமனை அளந்து எழுதிக்கொண்டு, ஊசி போட வேண்டும். 72 மணி நேரம் கழித்து அதே இடத்தை மறுபடி அளக்க வேண்டும். எவ்வளவு தடித்திருக்கிறது என்பதுதான் முடிவு. வில்லை போட அன்றைக்கு அனுமதி வரவில்லை. இடுப்பில் ஆட்டுச் சந்தைச் சாயத்தால் ஒன்று முதல் பதினான்கு வரை எழுதினோம்.

அன்று இரவு மழை.

மூன்றாம் நாள் காலையில் பதினான்கு மானும் இடுப்பில் இளஞ்சிவப்புக் கறையோடு நின்றன. நோட்டில் பதினான்கு அளவுகள் இருந்தன, எது எதனுடையது என்று தெரியவில்லை. அந்தப் பரிசோதனையை உடனே திரும்பச் செய்யவும் முடியாது, ஊசி மருந்தின் விளைவு அடங்க மூன்று மாதம் விட வேண்டும். மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பிடித்தோம். இரண்டு பெண்மான்கள் போயின. ஒன்றின் வயிற்றில் குட்டி இருந்தது. அவை காசநோயால் சாகவில்லை. நான்கு ரூபாய் வில்லை இல்லாததால் இரண்டாவது முறை பிடித்தோமே, அதனால் செத்தன.

அதனால்தான் விதி எழுதுகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றே ஒன்று. வில்லை போடுவதற்கென்று மானைப் பிடிக்காதீர்கள். வேறு காரணத்துக்காகக் கைக்கு வரும்போது, அது குட்டியாக இருந்தாலும், காயத்துக்காக வந்தாலும், இடம் மாற்ற ஏற்றினாலும், கையை விட்டுப் போகுமுன் அடையாளம் இருக்க வேண்டும். இடமாற்றத்துக்கு இப்போது 'போமா' என்ற ஆப்பிரிக்க முறை இருக்கிறது. புனல் மாதிரி இருபுறமும் துணித்திரை கட்டி, உள்ளே தீவனம் வைத்துப் பழக்கி, மந்தை தானாக நடந்து வண்டி வரைக்கும் போகும்படி செய்வது. அந்தக் குறுகல் வழியில் நிற்கும்போதே ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம். கொம்பு வெல்வெட்டில் இருக்கும் ஆண்களையும் நிறைசினைகளையும் அன்றைக்கு ஒதுக்கிவிட வேண்டும்.

இனி, வலிக்குமா என்ற கேள்வி. வலிக்கும். நமக்குக் காது குத்துவது போல, ஒரு திடுக்கிடல், தலையை நாலு உதறு உதறும். நல்ல நேரம் பிறந்த முதல் இரண்டு நாள். தாய்மான் குட்டியைப் புல்லுக்குள் மறைத்து வைத்துவிட்டுத் தள்ளிப் போய் மேயும். குட்டி கழுத்தைத் தரையோடு ஒட்டி அசையாமல் கிடக்கும். அந்த வயதில் ஓட அதற்குத் தோன்றாது. ஒரு வாரம் ஆகிவிட்டால் உங்களால் தொட முடியாது. நாங்கள் கையுறை போட்டு, அதே இடத்து மண்ணையும் புல்லையும் கையுறையில் தேய்த்துக்கொண்டுதான் போவோம், சோப்பு வாசனை தாய்க்குப் பிடிக்காது. காதை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் ரத்தக்குழாய்கள் செம்பருத்தி இதழின் நரம்பு மாதிரி தெரியும். இரண்டு குருத்தெலும்பு வரம்புகளுக்கு நடுவில், குழாய் இல்லாத இடம் பார்த்து, அயோடின் தடவி, ஒரே அழுத்து. காது வளரும் என்பதால் வில்லைக்கும் காதுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விட வேண்டும். இரண்டு நிமிஷத்துக்குள் விலகிவிட வேண்டும்.

வலியைவிட எனக்குப் பெரிய கவலை அப்புறம் வருவது. மழைக்காலத்தில் குத்தினால் ஈ மொய்த்து முட்டையிட்டு, நாலாம் நாள் காதில் புழு நெளியும். பெரிய வில்லை என்றால் கம்பி வேலியில் மாட்டிக் காது கிழியும். அதனால் சின்னதாக, லேசானதாகப் போட வேண்டும், வில்லை விழுந்தாலும் எண் போகாமலிருக்க சிப்பும் வேண்டும். வில்லை தூரத்திலிருந்து பைனாகுலரில் படிக்க, சிப் கையில் எடுத்துச் சரிபார்க்க. ஒன்று இன்னொன்றுக்கு மாற்று ஆகாது. தினமும் தீவனம் வைக்கிற ஊழியர்களுக்கு ஒற்றைக் கொம்பன், கோணல் கொம்பன் என்று சொந்த அடையாளம் உண்டு. கொம்பு விழுந்ததும் அந்தப் பெயரும் விழுந்துவிடும்.

ஒருவேளை நண்பர் இதற்குள் குட்டிகளை வாங்கிவிட்டிருந்தால், ராத்திரியோடு ராத்திரியாக அசோலா காட்டில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டாம். அடைப்பில் வளர்ந்தது நாயிடம் மாட்டும், அல்லது தன் நோயைக் காட்டு மானுக்குக் கொடுக்கும். வேலி தாண்டி ஹவுஸ் காஸில் விடுவதும் அதே மாதிரிதான். ஒரு வக்கீலைக் கலந்துகொண்டு டெல்லி வனத்துறையின் தலைமை வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்து ஒப்படைக்கட்டும். விற்ற ஆளின் எண்ணையும் அந்த வில்லையின் எண்ணையும் சேர்த்தே எழுதட்டும். வாங்காவிட்டாலும் அந்த ஆளைப் பற்றி அங்கே சொல்லிவிடுவது நல்லது. தாயிடமிருந்து பிரித்த குட்டிகள் எங்கோ ஒரு கொட்டகையில் இருக்கின்றன.

பேரப்பிள்ளைகள் ஏமாந்து போவார்கள், தெரியும். அடுத்த முறை மான் பூங்காவுக்குக் கூட்டிப் போகும்போது ரொட்டித்துண்டு வேண்டாம், ஒரு நோட்டும் பென்சிலும் போதும். புள்ளிமானின் புள்ளி வயதானாலும் போகாது, ஒன்றுக்கு இருப்பது மாதிரி இன்னொன்றுக்கு இருக்காது. இடது விலாவும் வலது விலாவும்கூட வேறு வேறு. வேலி ஓரம் வருகிற ஒரு பெண்மானைத் தேர்ந்தெடுத்து, அதன் இடது விலாவில் முதுகெலும்பை ஒட்டி ஓடும் வரிசையை மட்டும் வரையச் சொல்லுங்கள். எப்போதும் இடது பக்கமே. அடுத்த வாரம் போய் அதே மானைக் கண்டுபிடிக்கட்டும். வைத்த பெயரை அதற்கே வைத்துக்கொள்ளலாம்.